நான்காவது பந்து

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. உள்ளதைச் சொல்கிறவர்களிடம் என்ன சண்டை? பல்லிக்குப் பயம், பரீட்சைக்குப் பயம், பேருந்தில் சில்லறை கேட்கும் நடத்துநருக்குப் பயம் என்று வளர்ந்தவள்தான் நான். ஆனால் இருபத்து நான்காம் வயதில், ஒரு புதன்கிழமை மாலையிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நான் பட்ட பயம் வேறு. அதற்கு ஒன்றரைக் கிலோ எடை இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நான் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்த வருடம் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய வேலை. அங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதி பி.டி. டீச்சர். முசரவாக்கத்தில் பயிர் செய்கிற குடும்பம். பத்து வயதில் டிராக்டர் ஓட்டினவள், எதற்கும் அஞ்சமாட்டாள். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஆச்சரியம்தான். அவள்தான் ஒரு நாள் லான் பௌல்ஸ் என்று ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னாள். புல்தரையில் முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு பெரிய பந்துகளை ஒவ்வொன்றாக உருட்டி, யாருடையது வெள்ளைக்கு மிகவும் கிட்டே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"ஓடவே வேணாம்பா. நின்ன எடத்துல நின்னுக்கினு உருட்டணும். நீ கோலம் போடுற கை இருக்குது பாரு, அது போதும்" என்றாள்.

பெண்கள் அணிக்கு மாநிலத்திலேயே ஆள் குறைவு என்பதுதான் விஷயம். அணியில் பெயர் வந்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு வழி. ஓடத் தெரியாத எனக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த மறுநிமிடமே அப்பாவின் ஞாபகமும் வந்தது.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில். அப்பா கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். அடித்ததில்லை, திட்டினதுகூட இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கும்போது டென்னிகாய்ட் ஆட வேலூருக்குப் போகட்டுமா என்று கேட்டேன். நாலு பேர் பார்க்கப் பெண் குழந்தை குதிக்கிறதா என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு எட்டு நாள் அவர் வாயைத் திறந்தது சேவிக்கவும் சாப்பிடவும்தான். அந்த எட்டு நாளுக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம். இந்தத் தடவை கேட்கவே போவதில்லை என்று முடிவு செய்தேன். தைரியத்தில் செய்த முடிவு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கேட்பதற்கு இருந்த பயம் மறைப்பதற்கு இருந்த பயத்தைவிடப் பெரியது, அதுதான் காரணம்.

மறைத்துச் செய்கிற காரியத்துக்கு இந்த ஆட்டத்தைப்போல ஏற்காத ஆட்டம் இல்லை. அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் கனம், அல்லது வெள்ளை.

முதலில் பந்து. சென்னையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். வெளிநாட்டிலிருந்து வந்த பந்துகள் அவர் பொறுப்பில் இருந்தன. இந்தப் பந்தில் கைக்குத் தக்க அளவு உண்டு. இரண்டு கையாலும் பந்தைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் கட்டைவிரலும், நடுவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ள வேண்டும். என் விரல்கள் தொட்டுக்கொண்ட செட் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கறுப்பாக நான்கு பந்து. பார்க்க உருண்டை, ஆனால் சரியான உருண்டை கிடையாது. ஒரு பக்கமாக இம்மி அளவு சாய்த்துக் கடைந்திருப்பார்கள். நேராக விட்டால் நேராகப் போய், வேகம் அடங்கும்போது ஒரு பக்கம் வளையும். எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக ஒரு புறம் சின்ன வட்டமும் மறுபுறம் பெரிய வட்டமும் செதுக்கியிருக்கும். என் செட்டில் வட்டத்துக்குள் எட்டு இதழ் வைத்த பூ. நான்கும் ஒன்றாகக் கடைந்தவை. ஒன்று தொலைந்தால் மற்ற மூன்றும் வீண், வேறு செட்டிலிருந்து ஒன்றைச் சேர்த்து ஆட விடமாட்டார்கள். இதையெல்லாம் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உயிரைப்போலப் பார்த்துக்கொள் என்றும் சொன்னார். மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொன்னாராம். அதை அப்படியே நம்பினவள் நான் ஒருத்திதான்.

பிறகு செருப்பு. குதிகால் இல்லாத, அடிப்பக்கம் மேடுபள்ளம் இல்லாத ஷூ வேண்டும். இல்லாவிட்டால் புல்தரை பாழாகும். அப்படி ஒன்று காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. சாதாரண வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அடியைச் சீவித் தரச் சொன்னோம். தேய்ந்த அடியைக் கொண்டுவந்து புது அடி போடச் சொல்கிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். புது அடியை எதற்குமா சீவுறது என்று மூன்று தடவை கேட்டுவிட்டுச் சீவினார். மழைநாளில் வழுக்கி விழுந்தால் தன்னைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

கடைசியில் உடுப்பு. மேலே காலர் வைத்த வெள்ளைச் சட்டை, கீழே வெள்ளை பேன்ட். நான் அதுவரைக்கும் பேன்ட் போட்டதில்லை. அளவு எடுத்த டெய்லர், நர்ஸ் ட்ரெயினிங்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை வாங்கிக்கொண்டு வருகிற வழியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களின் சந்து. சாயத்தொட்டியிலிருந்து எடுத்த நூல் கழிகளைத் தலைக்கு மேலே மூங்கிலில் காயப் போட்டிருப்பார்கள். அரக்குச் சிவப்பு சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு பட்டாலும் போச்சு, வெள்ளையில் கறை இருந்தால் களத்தில் இறங்க முடியாது. பொட்டலத்தை ரவிக்கைக்குள் வைக்காத குறையாக மார்போடு அணைத்துக்கொண்டு, மேலேயே பார்த்துக்கொண்டு நடந்து, ஒரு சைக்கிளில் மோதினேன். சுற்றிப் போகலாம் என்று தோன்றவே இல்லை. பயத்தில் இருக்கிறவளுக்கு எங்கே புத்தி வேலை செய்யும்?

எல்லாவற்றையும் ஒரு ரெக்ஸின் பையில் போட்டு வீட்டில் ஒளித்துவைத்தேன். பூஜை அறைக்குப் பக்கத்தில் சாமான் அறை. அங்கே ஒரு பெரிய பித்தளை அண்டா உண்டு, கல்யாணத்துக்குத் தவிர யாரும் அசைக்காத அண்டா. அதன் பின்னால் பை. அம்மா அப்போது வீட்டில் இல்லை. பெங்களூரில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கோ ஒரு கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, மற்றக் கண்ணிலும் புரை. வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. ஆள் வருவது நிழலாகத் தெரியும், மற்றதெல்லாம் தடவித்தான். குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கோயிலுக்கும் போகவில்லை. இப்படி ஒரு வசதி இனி வராது என்று நான் நினைத்ததை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முசரவாக்கத்தில் சிநேகிதி தன் வீட்டுக் களத்தைச் சாணி மெழுகிப் பெருக்கிவைப்பாள். அங்கேதான் பயிற்சி. நான் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவேன். வாசல் வழியாகப் போனால் அப்பாவிடம் போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் எங்கே என்று கேட்பார். அவள் போன் செய்தாலும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த்தான் பேசுவேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, எனக்கு வழியிலும் பயம், வீட்டிலும் பயம்.

மாநில அணிக்கான தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில். அதற்கு முந்தின புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்து, அப்பா உள்ளே படுத்திருந்த நேரம் பார்த்து, பையை எடுத்து எண்ணினேன். மூன்று பந்துதான் இருந்தது.

மறுபடி எண்ணினேன். மூன்றை எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான் என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? இருந்தும் ஏழெட்டுத் தடவை எண்ணினேன். அண்டாவுக்குள், அரிசி டின்னுக்குப் பின்னால், மேல் பலகையில், எங்கும் இல்லை. களத்திலிருந்து திரும்பும்போது நான்கும் இருந்தது நிச்சயம், பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றிவைத்ததே நான்தான். நான்காவது வேட்டித் துண்டு மட்டும் மடித்தபடி பைக்குள் இருந்தது. திருடன் துணியை மடித்து வைத்துவிட்டா போவான்?

வியாழக்கிழமை காலையில் விடை தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் பெருமாள் இருக்கும் மரப்பெட்டியை நாங்கள் கோயிலாழ்வார் என்போம். எங்கள் கோயிலாழ்வாரில் சாளக்கிராமங்கள் இருந்தன. கறுப்பாக, உருண்டையாக, சக்கரம் பதிந்த கற்கள், பெருமாளே அவைதான். பெண்கள் அவற்றைத் தொடக்கூடாது. நான் பிறந்ததிலிருந்து பூவும் துளசியும் பூஜை அறை வாசற்படியில் வைத்ததோடு சரி. அன்றைக்கும் துளசியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கோயிலாழ்வாரை ஒட்டி ஒரு பலகை, அதன்மேல் மஞ்சள் பட்டுத் துணியில் முடிந்து உருண்டையாக ஏதோ இருந்தது. நேற்றுவரை அங்கே அப்படி எதுவும் இல்லை. அப்பா திருவாராதனத்தை முடித்துவிட்டு, தடவித் தடவி அதன்மேல் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். கத்தவும் முடியாது, நகரவும் முடியாது. எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கண் தெரியாத மனிதர். கையில் கனமாக, வழவழப்பாக ஓர் உருண்டை கிடைத்திருக்கிறது. விரலால் தடவினால் வட்டம், வட்டத்துக்குள் இதழ். அண்டாவுக்குப் பின்னால் முன்னோர் யாரோ வைத்துவிட்டுப்போன பெருமாள் என்று நினைத்துவிட்டார். தினமும் திருமஞ்சனம் செய்து, அந்தத் தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிறவர். அந்தப் பந்து முசரவாக்கத்துக் களத்தில் சாணியிலும் ஆட்டுப் புழுக்கையிலும் உருண்ட பந்து. சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இது விளையாடுகிற பந்துப்பா என்று சொன்னால் அந்த மனிதர் அதற்குப் பிறகு எதைத் தொட்டு சேவிப்பார்? எட்டு நாள் மௌனத்தோடு இது போகுமா? சொல்லாவிட்டால் தேர்வு இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செட்டும் இல்லை. சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். எடுத்தால் அதைவிடப் பாவம்.

அன்றைக்கே வேறு சிலதும் நடந்தன. கொல்லைக் கதவில் பூட்டுத் தொங்கியது. கேட்டதற்கு, குரங்கு வருகிறது என்றார் அப்பா. எங்கள் தெருவில் குரங்கு வராத நாள் கிடையாது, அதற்காக யாரும் பூட்டியதும் கிடையாது. வழக்கமாக உள்ளே ஊஞ்சலில் படுத்திருப்பவர், நாற்காலியை ரேழியில் போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான். புதிதாகக் கிடைத்த பெருமாளுக்குக் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே என்று கேட்டார். அம்மா என்றைக்கு வருகிறாள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி தட்டில் மோர் விட்டுக்கொண்டிருந்தேன், தலை நிமிராமல் இன்னொன்றும் கேட்டார்.

"ஒனக்கு இந்த ஆத்துல ஏதாவது கொறையா இருக்கா?"

மோர் தட்டுக்கு வெளியே கொட்டியது. தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். ஒரு குறையும் இல்லைப்பா என்றேன். சரி என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

சிநேகிதியிடம் வெள்ளிக்கிழமை பள்ளியிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லிடுமா. அடிப்பாரா?"

"அடிக்கமாட்டார்."

"அப்புறம் என்னாத்துக்கு இப்படி நடுங்கிக்கினு இருக்கிற?"

அடிக்காத அப்பாவுக்கு ஏன் பயப்படுகிறோம் என்பதை எந்தக் கணக்கில் போட்டுக் காட்டுவது? சொல்லமாட்டேன் என்று நான் பிடிவாதமாக நிற்கவும், அவளே ஒரு யோசனை சொன்னாள். அவள் வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் உருண்டைக் கல் வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய அதே பருமன். துணிக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு கல்லை வைத்துவிடு, இதுவும் கல்லுதானே, உங்க சாமியும் கல்லுதானே என்றாள். என் கெட்ட நேரம், அது எனக்கு நியாயமாகப் பட்டது. பந்தைக் கும்பிடுவதைவிடக் கல்லைக் கும்பிடுவது குறைந்த பாவம் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை காலையில் அந்தக் கல்லைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து தெருமுனையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டேன். மருந்து விட்டால் அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருப்பார், அப்படியே தூங்கியும்போவார். நான் இரண்டாம் தடவை குளித்தேன். உயரக் கொடியில் யாரும் தொடாமல் உலர்ந்த மடிப் புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டேன். திருடப் போகிறவள் மடியாகப் போனேன், கேட்கிறவர்கள் சிரிக்கலாம். கல்லையும் கழுவினேன். வாசற்படிக்கு முன்னால் நின்றேன். பெருமாளே, நான் உங்களைத் தொடப்போவதில்லை, பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கப்போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவசரத்தில் அதையும் முழுதாகச் சொன்னேனா தெரியாது.

முடிச்சு இறுக்கமாக இருந்தது. விரல் நடுங்கி நடுங்கி அவிழ்த்தேன். என் பந்துதான். துடைத்துச் சுத்தமாக இருந்தது. துளசி இல்லை, சந்தனம் இல்லை, ஈரம்கூட இல்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. ஒரு கையில் பந்து, இன்னொரு கையில் கல். பின்னால் குரல் கேட்டது.

"எடுத்துக்கோ. நான் தடுக்கல."

கல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. திரும்பினேன். அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. மருந்து கன்னத்தில் வழிந்திருந்தது, மருந்துதானா என்று எனக்குத் தெரியாது.

"எங்க போறே, யாரோட போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அம்மாவுக்கு நான் ஏதாவது சொல்லணுமோல்லியோ."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. பயத்தில் மூன்று நாளாக நெஞ்சில் இருந்ததுதான் வெளியே வந்தது.

"அப்பா, இது சாளக்கிராமம் இல்லப்பா."

"தெரியும்" என்றார். "நாப்பது வருஷமா தொட்டுண்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அப்புறம் மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னார். குனிய முடியாததால் உட்கார்ந்து ஆராதனம் செய்ய ஒரு முக்காலி தேடிச் சாமான் அறைக்குப் போயிருக்கிறார். அண்டாவுக்குப் பின்னால் பை கையில் பட்டிருக்கிறது. உள்ளே புதுத்துணி, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்தது. புது ஷூ. அம்மா ஊரில் இல்லை. பெண் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமையானால் சொல்லாமல் கொல்லைப்பக்கமாகப் போகிறாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு ஒரே விடைதான் கிடைத்திருக்கிறது. நான் யாரோடோ ஓடிப்போகப் பை கட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னைப் பற்றி அப்படியா நினைத்தீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் கண்ணால் பார்க்காமல் கையால் தடவித் தெரிந்துகொண்டவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வேறு கேள்விதான் வந்தது.

"அப்போ இதை மட்டும் ஏம்ப்பா எடுத்தேள்?"

"என்னன்னு தெரியல. இருக்கறதுலயே கனமா இருந்தது. இவ்வளவு கனத்த சொமந்துண்டு போறான்னா முக்கியமாத்தான் இருக்கும், இத விட்டுட்டுப் போகமாட்டான்னு தோணித்து. நாலையும் எடுத்தா திருடன்னு நெனச்சுப்பே. ஒண்ண எடுத்தா நான்தான்னு தெரியும். வந்து கேப்பேன்னு பாத்துண்டே இருந்தேன். நீ கேக்கல."

"பெருமாள் கிட்ட ஏன் வெச்சேள்?"

"வேற எங்க வெக்கறது? என்னால ஒன்னப் புடிச்சு வெக்க முடியுமா? அவரப் பாத்துக்கச் சொன்னேன்."

நிலையைப் பிடித்திருந்த அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. என் கை நடுங்கியதைவிட அதிகமாக ஆடியது. மூன்று நாள் ரேழியில் உட்கார்ந்து அவர் காவல் காத்தது என்னைத்தான். நான் அழுதேன். அழுதுகொண்டே பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்து, ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தேன். இது ஷூ, அடி ஏன் இப்படி வழவழவென்று இருக்கிறது என்றால் புல்லுக்காக. இது சட்டை. இது, இது பேன்ட்டுப்பா. அவர் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். பந்து ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். தனியாக இருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை உருட்டிப் பார்த்தாராம், நேராக விட்டது தூணில் போய் முட்டியதாம். அப்படித்தான் கடைந்திருக்கிறது என்றேன்.

அப்பா ஒன்றும் மாறிவிடவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராகவே சொன்னார். பேன்ட்டை இங்கிருந்து போட்டுக்கொண்டு போகாதே, அங்கே போய் மாற்றிக்கொள் என்றார். யாரோடு போகிறாய் என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் முசரவாக்கத்து டீச்சரோடு என்று சொன்னேன். கீழே என்ன விழுந்தது என்று கேட்டார். கல் என்றேன். எதற்குக் கல் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. இன்றுவரைக்கும் ஒளித்துவைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பந்தையும் அவரே தடவி எண்ணி, வேட்டித் துண்டில் சுற்றிப் பையில் வைத்தார். நான் வாசல் வழியாகப் புறப்பட்டேன். போயிட்டு வரேன்ப்பா என்றேன். இன்னொரு தரம் சொல்லு என்றார். சொன்னேன். போயிட்டு வா என்றார்.

சென்னையில் அன்றைக்கு நான் நன்றாக ஆடவில்லை. கடைசிப் பந்தைச் சரியான பக்கம் பார்த்துப் பிடித்தேனா என்கிற பயத்தில் அதைத் தேவைக்கு மேல் வேகமாக விட்டேன், வெள்ளையைத் தாண்டிப் புல்தரை ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. அணியில் ஐந்தாவது ஆளாக, யாருக்காவது முடியாமல் போனால் இறங்குகிற ஆளாக எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் முடியாமல் போகவில்லை.

திரும்பி வரும்போது சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம். அப்பா ரேழியில் அதே நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியோடு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் நான் மூடிவைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடினபடியே இருந்தது. எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனேன், நாலு பந்தையும் அவரே எண்ணித்தான் அனுப்பினார், இருந்தும் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் படியேறினேன். நிழல் தெரிந்திருக்கும்.

"வந்துட்டேன்ப்பா" என்றேன்.

ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கை கால் அலம்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.